கத்தி பிடித்த கை

"கண்காட்சியில என் படங்களை வைக்கறாங்கண்ணே. அடுத்த மாசத்தோட வேலையை விட்டுடறேன்" என்றான் உணவகத்தில் காய் வெட்டுகிறவன்.

"சந்தோஷம்டா தம்பி" என்று சிரித்த தலைமைச் சமையல்காரர், அன்றே வறுக்கும் சட்டியின் கைப்பிடித் திருகாணியைத் தளர்த்திவைத்தார். தூரிகைக்குத்தான் விரல் நெளிவு வேண்டும். கத்திக்கு முஷ்டி போதும். அப்புறம் எங்கே போய்விடுவான்?

மறுநாள் அவர் சொல்லி அந்தச் சட்டியைத் தூக்கியபோது எண்ணெய் கொட்டி அவன் வலது கை வெந்தது.

ஒரு வாரம் கழித்து, ஒன்றும் தெரியாதவர்போல அவன் வீட்டுக்குப் போனார். கட்டுப்போட்ட கையை மடியில் கிடத்தி வரைந்துகொண்டிருந்தான்.

"இடது கையாலயா?"

"வரையறது எப்பவும் இதுலதான். பக்கத்து ஆளை இடிக்குதுன்னு கத்தியை மட்டும் வலது கைக்கு மாத்திவிட்டது நீங்கதானேண்ணே."

படத்தை அவர் பக்கம் திருப்பினான். அதில் சட்டியருகே குனிந்திருந்தார் அவர், கையில் திருப்புளியோடு.

"அன்னைக்குப் பார்த்தப்ப புரியலை. வரையறப்பதான் புரிஞ்சுது. கண்காட்சிக்குக் கட்டாயம் வரணும்ணே."