முந்திப் போன பின்சக்கரம்

ஒரு சைக்கிளின் முன்சக்கரத்துக்குத் தான் எப்போதும் முதலில் வருவதாகப் பெருமை. பின்சக்கரத்துக்கோ ஒரே ஓர் ஆசை: காட்டுப் பூங்காவைச் சுற்றி மலைமேல் ஏறி இறங்கும் நாற்பது கிலோமீட்டர் வட்டப் பாதையை ஒருமுறையாவது முழுதாகச் சுற்றிவிட வேண்டும். மிதிப்பவர் என்று ஒருவர் இருந்தார். அவரை இரண்டுமே பொருட்படுத்துவதில்லை.

ஒவ்வொரு முறையும் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவோடு முன்சக்கரம் திரும்பிவிடும். அன்றும் அங்கே நின்று மூச்சு வாங்கியது.

"போதும்டா தம்பி. எப்படியும் நான்தான் முதல். இன்னும் ஏறி என்ன ஆகப்போகுது?"

"யாரு, நீங்களா முதல்?" என்றது பின்சக்கரம். "பாதை வட்டம்ண்ணே. வட்டத்துல உங்களுக்கு முன்னால ஓடுறது நான். நீங்க நாற்பது கிலோமீட்டர் பின்தங்கி என்னைத் துரத்திட்டு வர்றீங்க."

முன்சக்கரம் யோசித்தது. வட்டத்தின் இயல்பை மறுத்துப் பேச அதனால் முடியவில்லை. அதுவே ஒரு வட்டம்.

"அப்படியா சேதி? இப்போ பிடிக்கிறேன் பாரு!"

மீதி வளைவுகள் பறந்தன. உச்சியில் மேகம் கிழிந்தது. இறக்கத்தில் மான்கள் பதறி வழிவிட, பின்சக்கரம் 'ஹோ'வென்று கூவிக்கொண்டே இறங்கியது. புறப்பட்ட இடம் வந்துவிட்டது. ஆசை நிறைவேறிவிட்டது!

"பிடிச்சிட்டேனா?" என்றது முன்சக்கரம்.

"இல்லண்ணே, அதே நாற்பதுதான்." பின்சக்கரத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்போ இன்னொரு சுற்று!" முன்சக்கரம் மறுபடி மேட்டுப் பக்கம் திரும்பியது.

"ஐயோ அண்ணே, நீங்கதான் முதல்! நீங்களேதான் முதல்!" என்று பின்சக்கரம் அலறியது முதல் வளைவைத் தாண்டியும் கேட்டது.