தன் கையால் செய்த மின்விசிறி

கோவையில் நடந்த அந்த அறிவியல் பட்டறையில் நாற்பது பிள்ளைகளும் இயந்திரக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கையுறைதான் அவர்கள் விரல்களை அசைத்து வயரை முறுக்கியது, ஸ்க்ரூவை இறுக்கியது. பிள்ளைகள் பாதிப் பேர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் முடிவில் நாற்பது குட்டி மின்விசிறிகளும் ஒரே நொடியில் சுழலும், பெற்றோர் கைதட்டுவார்கள். பயிற்சியாளர் பிலோமினாவுக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

அன்று பத்து வயது நஸ்ரினின் கையுறை பழுதாகிவிட்டது.

"மிஸ், என் கை நின்னுருச்சு."

பிலோமினா கையுறையைக் கழற்றி எறிந்தாள். "நின்னது உன் கை இல்லடி. இந்தா, ஸ்க்ரூடிரைவரைப் பிடி."

நஸ்ரின் இரண்டு முறை விரலைக் குத்திக்கொண்டாள். கடைசியில் அவள் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "வயரை மாத்தி மாட்டிப் பாக்கட்டா, மிஸ்?"

அதற்குள் அவளுடைய தந்தை வந்துவிட்டார். "எம்புள்ளையோடது மட்டும் ஏன் இப்படிச் சுத்துது?"

பட்டறை மேலாளர் ஓடிவந்து அவளுக்குப் புதுக் கையுறை மாட்டினார். அது எல்லாவற்றையும் பிரித்து, ஒரே நிமிடத்தில் ஒழுங்காகப் பூட்டியது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் நஸ்ரின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தன் கையாலேயே செய்தாள்' என்று அச்சிட்ட சான்றிதழை மேலாளர் பிலோமினாவிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

"நீங்களே போடுங்க சார்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் அவள். "கையுறையை மாட்டிக்கிட்டுப் போடுங்க. பிசகாம வரும்."