கம்பளத்துக்குப் பின்னால்

1950, மே மாதம். துருக்கியில், அனத்தோலியக் கிராமப் பள்ளிக்கூடத்தின் மூலையில் மறைப்பாகத் தொங்கும் கம்பளத்தை விலக்கிக்கொண்டு துர்சுன் வெளியே வருகிறார். உள்ளே கட்சிவாரியாக அடுக்கியிருந்த வாக்குச் சீட்டுகளில் ஒன்றை உறையில் போட்டிருக்கிறார். உறையை மூடாமலே காவலர் ருஸ்தெமிடம் நீட்டுகிறார். போன தேர்தலில் ருஸ்தெம் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் சீட்டு பெட்டிக்குள் விழுந்தது. இன்று அவன் முகத்தை ஜன்னல் வெயில் பக்கம் திருப்பிக்கொள்கிறான். "மூடுங்க மாமா. நான் பாக்கக் கூடாது." "ஆளுங்கட்சிச் சீட்டுதாம்ப்பா." "எதுவா இருந்தா எனக்கென்ன? சட்டம் மாறிப்போச்சு." "எண்ணுறப்போ?" "ஊர் முன்னாடிதான் எண்ணுவாங்க. யார் போட்டதுன்னு எவனுக்கும் தெரியாது." துர்சுன் நரைத்த மீசையை நீவியபடி நிற்கிறார். வரிசையில் யாரோ இருமுகிறார்கள். "கொஞ்சம் இரு," என்று சொல்லிவிட்டு உறையோடு மறுபடியும் கம்பளத்துக்குப் பின்னால் போகிறார். காகிதம் கிழியும் சத்தம் நிதானமாகக் கேட்கிறது.