முகம் பார்க்கும் போன்

தீக்காயக் கட்டைப் பிரித்த பிறகும் சுகிர்தாவுக்கு யாரும் கண்ணாடி தரவில்லை. போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். பழைய போனென்றால் விரல் வைத்தால் போதும்; தீபாவளிக்கு வாங்கிய இது முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். திறக்கவில்லை. முடியை ஒதுக்கிக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தும் பார்த்தாள். முகம் பொருந்தவில்லை என்றது.

“வெளிச்சம் பத்தல. நம்பரப் போட்டுத் தொறயேன்,” என்றான் கணவன், ஜன்னலைப் பார்த்தபடி.

“லைட்டுக்கு நேர் கீழதானங்க உக்காந்திருக்கேன்? பொய் சொல்றதுன்னா மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

அவன் திரும்பவில்லை. “பாப்பா வெளிய அடம் புடிக்கிறா. அம்மாவப் பாக்கணுமாம். கூட்டிட்டு வரட்டுமா?”

“இருங்க. மொதல்ல இதுக்கு என்னய அடையாளம் தெரியட்டும்.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கினாள்.