கருப்புச் சாயம்

குனோங் ராபாட்டின் சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்து காஜா மருத்துவமனையில் பகல் ஷிப்ட் முடித்து வந்த புஷ்பலதா, சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நிற்கிறாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மகள் யஷ்வினி, தோளில் பழைய துண்டோடு. விடுமுறையில் கொரியப் பாடகி ஒருத்தியைப் பார்த்து ஊதா அடித்துக்கொண்ட தலைமுடி. நாளைக்குப் பள்ளி திறக்கிறது. தன் நரைக்கென்று வாங்கி வைத்திருந்த கருப்புச் சாயத்தைக் குழைத்து, பிரஷால் இழுத்து இழுத்துப் பூசுகிறாள் புஷ்பலதா. கால் கடுக்கிறது. மகளின் மடியில் கிடக்கும் போன் அந்தப் பாடகியின் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுகிறது.

"நீங்க இப்படியெல்லாம் பண்ணதே இல்லையாம்மா?"

"பண்ணேன்லா. படத்துல பாத்துட்டு நெத்தியில முடி வெட்டிக்கிட்டேன். சுங்காய் தோட்டத்துல இருந்தப்ப எங்கம்மா வெளக்கெண்ணெய தேச்சு, பன்னெண்டு கிளிப்பு குத்தி அமுக்கித்தான் ஸ்கூலுக்கு அனுப்புனாங்க."

"அழுதீங்களா?"

புஷ்பலதா பிரஷை மறுபடி சாயத்தில் தோய்க்கிறாள். ஊதா மறைய மறைய, துண்டுக்கடியில் மகளின் தோள் குலுங்குகிறது. கிண்ணத்தில் சாயம் இன்னும் மிச்சமிருக்கிறது. பின்னந்தலையில், மேல்முடி விழுந்தால் மறைந்துவிடும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு ஊதா முடியைப் பிரித்தெடுத்துச் சுருட்டிக் கிளிப் குத்துகிறாள். பிரஷ் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"முடிஞ்சிருச்சு, எந்திரி," என்கிறாள். "நாளைக்குச் சடைய மட்டும் இறுக்கமா பின்னிக்க."