பின் அடித்த அத்தியாயம்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், ரசிகர் சந்திப்பு நடக்கும் ஓட்டல் கூடத்தில் குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. என்றோ நின்றுபோன விண்வெளி டிவி தொடரை நாவல்களாக நீட்டி எழுதும் கிளிஃபர்டுக்குக் காலையிலிருந்து கையெழுத்தைவிட வசவுதான் அதிகம். தேநீர் ஆடைகட்டி ஆறிக் கிடக்கிறது. வெள்ளித்தாள் ஒட்டிய விமானித் தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கியபடி, வாசகி மொய்ரா தன் புத்தகத்தை நீட்டுகிறாள். "பைலட் ரோவினாவ சாகடிக்க எப்படி சார் மனசு வந்துச்சு? டிவியில வராதது எதுவும் கணக்குல சேராது, தெரியும்ல?" "டிவியிலதான் எப்பவோ நிறுத்திட்டாங்களேம்மா," என்கிறார் அலுப்புடன். "அப்ப அவ உயிரோடதான இருக்கா!" ரோவினா சாகும் கடைசி அத்தியாயத்தின் தாள்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருக்கிறாள். ஒரு பின் மட்டும் பிரிந்து நிற்கிறது. அந்த இடுக்கில் தாள், விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருக்கிறது. அவர் கையெழுத்துப் போடுகிறார். பிறகு, பிரிந்த பின்னைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுகிறார்.