எந்த இரண்டு இருந்தாலும்

“பதினொன்றரைக்கு மருந்து வண்டி வந்துடும். அதுக்குள்ள சொல்லி முடி தம்பி. இந்த மூணு டிஸ்க்ல ஒன்னு இல்லாமப் போச்சுன்னா என்ன ஆகும்?”

எதிர்வரிசை மருந்துக்கடைக்கார அக்கா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். கம்ப்யூட்டர்காரர் தன் கடை மேஜை மேல் மூன்று ஹார்ட் டிஸ்க்குகளையும், அவற்றைச் செருகும் கறுப்புப் பெட்டியையும் எடுத்து வைத்திருந்தார்.

“எப்படி எழுதி வெக்கிறோங்கிறதைப் பொறுத்ததுக்கா. மூணு வழி இருக்கு.”

“டாக்டர் சீட்டு மாதிரி இல்லாம புரியற மாதிரி சொல்லு.”

“முதல் வழி, படத்தைத் துண்டு துண்டா வெட்டி மூணுலயும் பிரிச்சுப் போடறது. இடம் நிறைய மிஞ்சும். ஆனா ஒன்னு போனா மொத்தமும் போச்சு.”

“மூணும் இருந்தே ஆகணும்?”

“ஆமா.”

அக்கா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். “நடக்கற கதையாச் சொல்லு. அடுத்தது?”

“மூணுலயும் அதே படம் அப்படியே இருக்கும். ஒன்னே ஒன்னு தப்பினாலும் போதும். என்னைக் கேட்டா இதுதான்.”

“இது வேண்டவே வேண்டாம்.”

கம்ப்யூட்டர்காரருக்குச் சுருக்கென்றது. எடுத்ததுமே பத்திரமான வழியைத் தள்ளுகிற ஆளை அவர் பார்த்ததில்லை. விஷயமும் லேசானதல்ல. அக்காவின் வீட்டுக்காரர் வீடியோ கேமராவும் கையுமாகவே வாழ்ந்தவர். பிள்ளைகள் தவழ்ந்தது முதல் கல்லூரிக்குப் போனது வரை எடுத்துத் தள்ளியிருந்தார். டேப்புகளில் பாதி பூஞ்சைக்குப் போய்விட்டது. மீதியைத் துடைத்து, ஓட்டி, லேப்டாப்பில் ஏற்றுவதற்குள் கம்ப்யூட்டர்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எந்தப் படத்திலும் அந்த மனிதரின் முகம் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்கும். போன வருடம் ஆளும் போய்விட்டார்.

“டேப்பெல்லாம் தூக்கிப் போட்டாச்சுக்கா. இதுவும் போனா நான் தலைகீழா நின்னாலும் அவர் குரல் திரும்ப வராது.”

“தெரியும். மூணாவது வழியைச் சொல்லு.”

“அது நடுவாந்தரம். எந்த ரெண்டு இருந்தாலும் முழுப் படமும் ஓடும். ஒன்னை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு நொடிகூடப் பாக்க முடியாது.”

“எந்த ரெண்டுன்னாலும்? பெரிசு, சின்னதுன்னு பாகுபாடு இல்லையே?”

“எல்லாம் ஒரே அளவுதானேக்கா!”

“அப்ப இதையே போடு.”

“சரி, இணைப்பு? வைஃபைல கோத்துவிட்டா பிள்ளைங்க அவங்கவங்க வீட்ல இருந்தே போன்ல பாத்துக்கலாம்.”

“வேண்டாம். என் வீட்டு ஹால் டிவிக்கு ஒரு வயர். அவ்வளவுதான்.”

“இந்தப் பெட்டியை மட்டும் நம்பக் கூடாதுக்கா. தனியா ஒரு நகல் எடுத்து நானாவது வெச்சுக்கறேன்.”

“எடுக்காதே. ஏத்தி முடிச்சதும் லேப்டாப்புல இருக்கறதையும் அழிச்சிடு.”

“காலாவதித் தேதி பாக்காம ஒரு மாத்திரை குடுக்க மாட்டீங்க. இதுல மட்டும் ஏன்க்கா இப்படி விளையாடறீங்க?”

“வண்டி வந்துடுச்சு” என்று அக்கா தெருவைக் கடந்து போய்விட்டார்.

மறுநாள் மதியம் கம்ப்யூட்டர்காரர் அக்கா வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே பெட்டியை வைத்து வயரைச் செருகினார். ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டினார். திரையில் மூன்று பிள்ளைகள் ஒரே சைக்கிளுக்கு அடித்துக்கொண்டார்கள். “பெரியவனே, விட்டுக் குடுடா” என்று குரல் சிரித்தது. பெட்டியை அணைத்து இன்னொன்றையும் கழற்றினார். மறுபடி போட்டபோது திரையில் ஒன்றுமில்லை.

“திருப்தியாக்கா? மூணையும் மாட்டிடறேன்.”

“மாட்டாதே. பஞ்சு சுத்தித் தனித்தனியா கட்டு. பெட்டி மட்டும் இங்கயே இருக்கட்டும்.”

அக்கா அலமாரியிலிருந்து மூன்று கூரியர் உறைகளை எடுத்துவந்து சோபாவில் போட்டார். ஒன்றில் மூத்த மகனின் முகவரி. ஒன்றில் மகள். ஒன்றில் சின்னவன்.

“அவங்கப்பா போனதுல இருந்து மூணு பேருக்கும் ஒருத்தரோட ஒருத்தர் பேச்சில்ல. ஆனா அப்பா படத்துல ஆளுக்கொரு காப்பி வேணும்னு மூணு பேரும் தனித்தனியா போன் பண்ணிட்டாங்க. மூணு பேரும் வந்தாத்தான் ஓடும்னு வெக்க எனக்குத் தைரியம் வரலை. ரெண்டு பேராவது வருவாங்க இல்ல, தம்பி?”